ரோஜாப்பூவுக்கு இருந்த இடம்

மாட்டுப் பொங்கல் காலை ஆறு பத்துக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைப் பேருந்து புறப்பட்டது. அன்றைக்கென்று பார்த்து வண்டி நேரம் தவறாமல் கிளம்பியதால், வீட்டில் ஆரம்பித்த சண்டையை முடிக்காமலே வர வேண்டியதாயிற்று.

சண்டை வெந்நீர் ஹீட்டரைப் பற்றியது. குளித்துவிட்டு வந்தவனிடம் என் மனைவி வசந்தா, "அணைச்சீங்களா?" என்று கேட்டாள். "அணைச்ச ஞாபகம்" என்றேன். ஞாபகம் என்ற சொல்லைக் கல்யாணமானவன் காலை நாலரை மணிக்கு வாயில் எடுக்கக் கூடாது. அவள் போய்ப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகம் மாறியவளிடம், "இதுக்கா?" என்று வேறு கேட்டுவைத்தேன். அவளும் வருவதாகத்தான் ஏற்பாடு. புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். "நீங்க போயிட்டு வாங்க. ஹீட்டருக்குத் துணையா நான் இருக்கேன்" என்று புடவையைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டாள்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். சூரியன் எந்தத் திசையில் உதிக்கும் என்று முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அப்படியிருந்தும் காலையில் தெற்கே போகிற வண்டியில் இடது பக்க ஜன்னலைப் பிடித்து, செங்கல்பட்டு தாண்டியதும் முகம் முழுக்க வெயில் வாங்கினேன். அதுவரை வாங்கியது பனிக்காற்று. இந்த வண்டிகளில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஓடுகிற கண்ணாடி ஒன்றுதான். முன்சீட்டில் மங்கி குல்லா போட்ட ஒருவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் என் பக்கம் இழுத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே மறுபடி இழுத்தார். மறைமலைநகரிலிருந்து மேல்மருவத்தூர் வரை இப்படியே போனோம். குல்லா போட்டிருந்தவர் அவர், வழுக்கைத் தலையோடு இருந்தவன் நான். நியாயம் என் பக்கம், கண்ணாடி அவர் பக்கம்.

செஞ்சியில் வண்டி நின்றபோது அவர் இறங்கி வேர்க்கடலை வாங்கி வந்தார். பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "எடுத்துக்கோங்க சார். காத்து பட்டுட்டு வந்திருக்கீங்க, தொண்ட கட்டிக்கும்" என்றார். காற்றை விட்டதே அவர்தான் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. கடலை நன்றாக இருந்தது. வாங்கித் தின்றேன்.

காலை 10.20. நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர், நாலு மணி பத்து நிமிடம். டிக்கெட் நூற்று அறுபது ரூபாய்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் காதர் என்ற ஆட்டோக்காரர். ஐப்பசிப் பௌர்ணமிக்கு வந்தபோதும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியது இவர் வண்டியில்தான்.

"அடி அண்ணாமலை, ஏழுமலை டிபன் கடை."

"இருநூத்தம்பது சார்."

"போன தடவை நூற்றெண்பது கொடுத்தேனே."

"போன தடவ ஓட்டினது யாரு?"

"நீங்கதான்."

கண்ணாடியில் என்னை நன்றாகப் பார்த்தார். "அட, கால்ல கொப்புளம் வந்து அழுத சாரா? இருநூறு குடுங்க, ஏறுங்க." வண்டியைக் கிளப்பியபிறகு, "கடையில திங்க ஒன்னும் இருக்காது. அந்தம்மா அடுப்பு மூட்டி நாலு நாளாவுது" என்றார்.

"உடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் ஜோரா கீது. புருசன் பொஞ்சாதிக்குள்ள பேச்சு இல்ல. ஒன்ற மாசமா. ஊரே அதுங்க ரெண்டையும் பத்திதான் பேசுது, அதுங்க ரெண்டுந்தான் பேசறதில்ல."

"என்ன காரணமாம்?"

"அது தெரிஞ்சா ஏழுமல ஏன் சார் கடை பெஞ்சுல படுக்கறாரு?"

இந்த இடத்தில் நான் ஊருக்கு வந்த காரணத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தை இரண்டாம் நாள் இங்கே திருவூடல். சாமிக்கும் அம்மனுக்கும் நடுத்தெருவில் சண்டை நடக்கும். அதைப் பார்த்த தம்பதிக்குள் சண்டை தீரும் என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் பார்க்க வந்தது ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை.

ஐப்பசியில் நான் வெறுங்காலோடு கிரிவலம் போனேன். பதினான்கு கிலோமீட்டரில் பாதியைத் தாண்டுமுன்பே கால் என்னைக் கைவிட்டது. அடி அண்ணாமலையில் ஏழுமலை கடை பெஞ்சில் போய் விழுந்தேன். அன்று அங்கே தின்ற இட்லி ஒன்பது. வேர்க்கடலைச் சட்னிக்குக் கணக்கில்லை. ராத்திரி அவர் வீட்டு மாடி அறையில் நானூறு ரூபாய் வாடகைக்குத் தங்கினேன். நன்றிக் கடனாக, ஊருக்குப் போனதும் எட்டடிக்கு நாலடியில் ஒரு பேனர் அடித்து, கார்த்திகை தீபக் கூட்டத்துக்கு ஆகட்டும் என்று பஸ் பார்சலில் அனுப்பினேன். என் பழைய மாணவன் ஒருவன் அச்சகம் வைத்திருக்கிறான். புவியியலில் இரண்டு முறை ஃபெயிலானவன், இப்போது நன்றாக இருக்கிறான். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நானே வடிவமைத்தேன். பின்னால் மலை. இடது ஓரம் நந்தி. நடுவில் கை கூப்பியபடி ஏழுமலை, அவர் தலைக்கு மேல் 'ருசியின் சிகரம்' என்று வளைவாக எழுத்து. கீழே வலது பக்கம் 'அன்பளிப்பு' என்று போட்டு என் பாஸ்போர்ட் போட்டோ. அப்படியும் ஒரு மூலை காலியாக இருந்தது. "அங்க என்ன சார் போடறது?" என்று கேட்டான். "சும்மா விடாதே, ஒரு ரோஜாப்பூ போடு" என்றேன்.

ஆட்டோ திரும்பியதும் தூரத்திலேயே பேனர் தெரிந்தது. காதர் என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானா அது? நேர்ல கொஞ்சம் வயசு ஜாஸ்தி" என்றார்.

கடையில் அடுப்பு அணைந்து கிடந்தது. ஏழுமலை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது, பெரிய மீசை, தோளில் பச்சைத் துண்டு. "வாங்க வாத்தியாரே. ஒங்க போர்டு பாத்தீங்களா? தீபத்தன்னிக்கு இதும் முன்னால நின்னு போட்டோ புடிச்சுகினாங்க." பிறகு தானே டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீயைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். சூடாக இருந்தது.

"என்ன ஏழுமலை, வீட்டில் ஏதோ..."

"காதர் சொல்லிட்டானா?" பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒன்னியும் புரியல வாத்தியாரே. மிக்ஸி மாத்தல, அதுவா இருக்கும்னு புது மிக்ஸி வாங்கி வெச்சேன். பெட்டிய பிரிக்கவே இல்ல. அவ தம்பி வீட்டு காதுகுத்துக்குப் போவல, அதுவா இருக்கும்னு போளூருக்குப் போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன். சீரியல் நேரத்துல நியூஸ் வெச்சேன், அதுவான்னு டிவியவே அவகிட்ட குடுத்துட்டேன். இன்னும் என்ன பாக்கின்னு சொன்னா அதுக்கும் மன்னிப்பு கேட்டுடுவேன்."

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் சண்டைக்காவது காரணம் தெரியும், சிவப்பு விளக்கு.

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமம். "நல்லாருக்கீங்களா சார்? வூட்ல அம்மா வரலையா?"

"ஹீட்டர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"அவர்ட்ட சொல்லுங்க சார், மாடி ரூம் பெருக்கி வெச்சாச்சு, சாவி ஆணியில இருக்குதுன்னு."

ஏழுமலை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் திரும்பி, "மாடி அறை பெருக்கியாயிற்றாம், சாவி ஆணியிலாம்" என்றேன்.

"சரின்னு சொல்லுங்க."

"சரியாம்."

"நானூறு ரூவா வாடகைய ஒங்ககிட்ட வாங்க வேணாம்னு சொல்லுங்க."

"வேண்டாமாம்" என்றேன், இதை மட்டும் கொஞ்சம் வேகமாக.

முப்பத்து நான்கு வருட வாத்தியார் வேலையில் நான் சொன்னதை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. தூது வேலை எனக்குப் பிடித்துப்போனது. அப்போதுதான் அந்த அம்மாள் கடைசிச் செய்தியைச் சொன்னார்.

"நாளைக்கு சாமி மல சுத்திகினு இப்படித்தான் வரும். தட்டு குடுத்து கும்புட்டுட்டு நான் போளூர் போறேன். தம்பி மெஸ்ஸு வெச்சிருக்கான், சமைக்க ஆளு கேட்டுகினு இருக்கான். காதர் ஆட்டோவுக்கு சொல்லியாச்சு. கல்லையும் எடுத்துகினு போறேன். அதையும் சொல்லிடுங்க."

அதை நான் திருப்பிச் சொல்லவில்லை. ஏழுமலையின் முகத்தைப் பார்த்தாலே அது போய்ச் சேர்ந்துவிட்டது தெரிந்தது.

கல் என்றால் தோசைக்கல். அந்த அம்மாள் கல்யாணமாகி வரும்போது தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரும்புக்கல். இருபத்தாறு வருடமாக எண்ணெய் குடித்துக் கறுத்துப் பளபளத்துக் கிடந்தது. வேறு யார் ஊற்றினாலும் தோசையை விடாதாம். அவர் உள்ளே போனபிறகு ஏழுமலை சொன்னார்: "கல்லு போச்சுன்னா கடை இல்ல வாத்தியாரே. கடை போனாக்கூட போவட்டும், மூட்ட தூக்கி பொழச்சுக்குவேன். அவ போயிட்டா..." சுத்தமாக இருந்த மேசையைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

மாலை 5.15. திருவூடல் தெருவுக்குக் காதர் ஆட்டோவில் கிளம்பினோம். வருடா வருடம் இருவரும் சேர்ந்துதான் போவார்களாம். அதை இந்த வருடமும் விடவில்லை. ஆனால் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். ஏழு கிலோமீட்டர். இடது காதில், "கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க." வலது காதில், "இதுக்கு மேல தள்ளினா ரோட்லதான் ஒக்காரணும்னு சொல்லுங்க." வேகத்தடையில் மூவரும் ஒன்றாக எகிறி ஒன்றாக விழுந்தோம். அது ஒன்றில்தான் அந்தக் குடும்பத்தில் அன்று ஒற்றுமை இருந்தது.

தெருவில் இறங்கியதும் அந்த அம்மாள் பெண்கள் கூட்டத்தில், அம்மன் பக்கமாகப் போய்விட்டார். ஏழுமலை சாமி பக்கம். நானும் காதரும் ஒரு பூட்டிய கடையின் படியில் ஏறி நின்றோம்.

மேளம் வந்தது. சாமியும் அம்மனும் எதிரெதிரே வந்து நின்றார்கள். சாமியைத் தூக்கியவர்கள் முன்னே ஓடிவர, அம்மனைத் தூக்கியவர்கள் பின்னே போக, பிறகு அம்மன் முன்னே பாய, சாமி பின்வாங்க, இப்படியே மாறி மாறி. தோள்கள் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தில் அம்மன் உண்மையிலேயே முகத்தைத் திருப்புவதுபோல் இருந்தது. ஒவ்வொரு முறை அவள் திரும்பும்போதும் பெண்கள் பக்கத்திலிருந்து குலவை. "வுடாத தாயீ!" என்று ஒரு குரல். ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. கடைசியில் அம்மன் சட்டென்று திரும்பிக் கோயிலுக்குப் போய்விட்டாள். போனவள் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி தனியாகக் குமரக்கோயிலுக்குப் போய் இரவைக் கழித்து, மறுநாள் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வர வேண்டும். அதன்பிறகுதான் சமாதானம்.

கூட்டத்தில் ஏழுமலை எங்களைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "அவருக்காவது குமரக்கோயில் இருக்குது வாத்தியாரே. எனக்கு பெஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கற்பூரம் வாங்கப் போனார்.

நான் காதரிடம் கேட்டேன்: "இவர்களுக்குள் எதனால்தான் சண்டை?"

"எந்த ரெண்டு பேருக்கு சார்?"

"சாமிக்கும் அம்மனுக்கும்."

"வருசா வருசம் சவாரி கொண்டாறேன் சார், கதை மனப்பாடம். ஒரு முனிவரு இருந்தாராம். சாமிய மட்டுந்தான் கும்புடுவாராம். பக்கத்துலயே அம்மா ஒக்காந்திருப்பாங்க, அவங்கள கண்டுக்கவே மாட்டாராம். சாமிய மட்டும் தனியா சுத்துவாராம். ரெண்டு பேரும் ஒட்டி ஒக்காந்தாக்கூட வண்டா மாறி நடுவுல பூந்து சாமிய மட்டும் சுத்துனாராம்! அப்பேர்ப்பட்ட ஆளுக்கு நான் காட்சி குடுக்கப் போறேன்னு சாமி சொல்றாரு. எந்த பொம்பள சார் ஒத்துக்குவா?"

"அந்த முனிவருக்குக் கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?" என்றேன்.

"நல்லா படிச்சவருதான் சார்" என்றார் காதர்.

ஏழரை மணிவாக்கில் திரும்பினோம். அந்த அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் முன்பே போய்விட்டிருந்தார். அடி அண்ணாமலையில் காதர் வண்டியைக் கடை வாசலில் திருப்பியபோது முன்விளக்கு பேனர் மேல் விழுந்தது. முதலில் மலை தெரிந்தது. பிறகு நந்தி. பிறகு ஏழுமலை, ருசியின் சிகரம். பிறகு நான். கடைசியாக அந்த ரோஜாப்பூ.

எனக்குக் காதில் வண்டு ரீங்காரம் கேட்டது.

ஏழுமலை இறங்கிப் போனதும் கேட்டேன்: "காதர், இந்தக் கடையில் சமைப்பது யார்?"

"இன்னா சார் கேள்வி? அஞ்சலக்காதான். ஏழுமலைக்கு சுடுதண்ணி வெக்கத் தெரியாது."

அஞ்சலை. ஒன்பது இட்லி தின்றேன், ஒரு ராத்திரி அந்த வீட்டு மாடியில் படுத்தேன், எட்டடிக்கு நாலடியில் நன்றி அடித்து அனுப்பினேன். அந்தப் பேரை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை 6.00. ஊர் விழிப்பதற்குள் பேனரை இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, காய்கறிக் கத்தியால் ஒரு பக்கக் கயிற்றை அறுத்தேன். நான் எதிர்பார்த்தது அது மெதுவாக இறங்கும் என்று. அது மொத்தமாக வந்து என் மேல் கவிழ்ந்தது. ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்கு வந்த அஞ்சலையம்மாள் கண்டது, கை கூப்பியபடி தரையில் புரண்டுகொண்டிருந்த தன் புருசனையும், அவருக்குக் கீழே வேறொருவருடைய கால்களையும்.

"யாரு அது?"

"நான்தாம்மா." தலையை வெளியே எடுத்தேன். "தப்பு நடந்துபோச்சு. எனக்கு நேற்றுதான் உறைத்தது. இது உங்கள் கை, உங்கள் சட்னி. நான் வேறு யாரையோ..."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேனரையே பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், "ரோசாப்பூவுக்கு எடமிருந்துச்சு இல்ல சார்" என்றார்.

நான் உளறினேன். புதிதாக அடித்து அனுப்புகிறேன், பத்தடியில், உங்கள் படம் மட்டும், பேர் பெரிய எழுத்தில் என்றெல்லாம்.

"ஐயே, என் மூஞ்சிய ரோட்ல கட்டி நான் இன்னா பண்ணப்போறேன்? ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். நீங்க வெளியூரு. வந்தீங்க, சாப்ட்டீங்க, கல்லாவுல யாரு ஒக்காந்திருக்காங்களோ அவங்ககிட்ட நல்லாருக்குதுன்னு சொன்னீங்க. இந்தாளு ஒன்ற மாசமா தெனம் இதுங்கீழதான ஒக்காந்திருந்தாரு? தீபத்தன்னிக்கு போட்டோ வேற புடிச்சுகினாரு. நான் உள்ள அறுநூறு தோச ஊத்திகினு இருக்கறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இதுல ஒருத்தி கம்மியா கீறாளேன்னு தோணிச்சா அவருக்கு? நானே சொல்லி அவருக்குத் தெரியணுமா?"

கோலம் போடாமலே உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில், இரும்புக்கல்லைச் சாக்கில் சுற்றுகிற சத்தம் கேட்டது.

நான் பெஞ்சுக்கு ஓடி ஏழுமலையை எழுப்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டவர் வாயைத் திறந்தார்: "இதுக்கா..."

அவர் வாயைப் பொத்தினேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஹீட்டர் சண்டையை நான் இரண்டு ஊருக்கு வளர்த்தேன். "அதை மட்டும் உள்ளே போய்ச் சொல்லாதய்யா. போளூர் என்ன, பெங்களூருக்கே போய்விடுவார்."

ஏழுமலை எழுந்து போய், தரையில் கிடந்த தன் படத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு கயிறு மட்டும் இன்னும் மேலே கட்டியிருந்தது. காற்றில் பேனரின் ஒரு முனை எழுந்து எழுந்து விழுந்தது.

"அவ ஊத்துறா, நான் எலையில வெக்கறேன்" என்றார். "திங்கறவன்லாம் எங்கிட்டதான் சொல்லிட்டுப் போறான். சூப்பரு ஏழுமல, பிரமாதம் ஏழுமல. ஒரு தடவகூட உள்ள போயி அவகிட்ட நான் சொன்னதில்ல வாத்தியாரே. இருவத்தாறு வருசமா அத்தினியும் நானே வெச்சுகினேன்."

காலை 9.10. மேளச் சத்தம் முதலில் வந்தது, பிறகு கூட்டம், பிறகு சாமி. தனியாக. பக்கத்தில் அம்மன் இல்லாமல், முகத்தில் வெயிலோடு. கடை வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. அஞ்சலையம்மாள் தட்டில் தேங்காய், பழம், பூ எல்லாம் சரியாக அடுக்கிக் கொண்டுவந்து, ஏழுமலைக்கு எட்டுகிற தூரத்தில் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவர் காலடியில் ஒரு துணிப்பை, சாக்கில் சுற்றிய கல். சாலையோரம் காதர் வண்டியோடு தயாராக நின்றார்.

வருடா வருடம் தட்டை நீட்டுவது ஏழுமலை. அர்ச்சனை ஏழுமலை பேருக்கு. குருக்களுக்கே அது பழக்கம், தட்டை வாங்கும்போதே, "ஏழுமலை, கேட்டை நட்சத்திரம், சகுடும்பம்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, நில்லுங்க" என்றார் ஏழுமலை. "எம் பேருக்கு வேணாம். அஞ்சலை பேருக்குப் பண்ணுங்க. கடைக்காரம்மா அஞ்சலை."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "பேஷா. நட்சத்திரம்?"

ஏழுமலை வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார், நான் மலையைப் பார்த்தேன். காதரைப் பார்த்தார்; காதர் ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாமியைத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பின்னால் கூட்டம் நெருக்கியது.

"நட்சத்திரம் சொல்லுங்கோ, நேரமாறது."

ஏழுமலை குனிந்த தலையோடு, "தெரியல சாமி" என்றார்.

"சதயம்!"

தள்ளி நின்ற இடத்திலிருந்து வந்தது அந்தக் குரல். அர்ச்சனை முடிந்து, தீபம் காட்டி, சாமி நகர்ந்தது. குருக்கள் குங்குமத்தை ஏழுமலை கையில் கொடுக்காமல் நேரே அஞ்சலையம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நடந்தார். அவர் அதை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்ட அடுத்த நொடி ஆரம்பித்தது.

"இருவத்தாறு வருசம்! ஒரு நட்சத்திரம் தெரியல இந்த ஆளுக்கு. ஊரு முன்னால, சாமி முன்னால, ஆடு திருடினவன் மாதிரி முழிக்கறாரு. மானம் போவுது!"

"இப்பத் தெரிஞ்சுகிச்சே."

"நாளைக்குக் கேட்டா?"

"சதயம்."

"அடுத்த வருசம்?"

"சதயம், சதயம், சதயம்!"

"கத்தாதீங்க. எனக்கு ஒன்னும் காது செவிடு இல்ல."

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான், எல்லாம் திட்டுத்தான். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. பஸ்ஸில் கடலை கொடுத்த குல்லாக்காரர் எச்சரித்தது இதைத்தான் போலிருக்கிறது.

சாமிக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் முப்பது பேர் கடையை எட்டிப் பார்த்து, "டிபன் இருக்குதா?" என்றார்கள். ஏழுமலை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அஞ்சலையம்மாள் பையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், குனிந்து சாக்கின் முடிச்சை அவிழ்த்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? பக்கத்து வூட்ல அரைச்ச மாவு இருக்குது, வாங்கிகினு வாங்க. அடுப்ப மூட்டுங்க. அந்த மிக்ஸிய பிரிங்க."

"சவாரி கேன்சலாக்கா?" என்றார் காதர்.

"ரெண்டு தோச சாப்ட்டுட்டுப் போ."

சாமி இன்னும் பாதி மலையைக்கூடச் சுற்றவில்லை. சமாதானம் அவருக்கு இன்னும் எத்தனையோ மணி நேரம் தள்ளி இருந்தது. இங்கே கல் சூடாகிவிட்டது.

நான் ஐந்து தோசை சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, கல்லா இருந்த பக்கம் போகாமல் நாலு எட்டு வைத்து உள்ளே போனேன். புகையில் நின்றுகொண்டிருந்தார்.

"சட்னி ரொம்ப நன்றாக இருந்ததும்மா."

"உப்பு கம்மி சார். பொய் சொல்லாதீங்க" என்றார். ஆனால் அடுத்த தோசைக்குக் கரண்டியைத் திருப்பும்போது சிரித்தது தெரிந்தது.

பேனரை அவர்கள் வீணாக்கவில்லை. கொல்லையில் விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு மேல் மூடாப்பாகப் போட்டாயிற்று. அஞ்சலையம்மாளே நின்று மடித்துக் காட்டினார். மலை, நந்தி, ஏழுமலை, நான் எல்லோரும் உள்பக்கம் போய்விட்டோம். மேலே தெரிவது ரோஜாப்பூ ஒன்றுதான்.

மதியம் 12.40. சென்னை வண்டி. பிற்பகலில் வடக்கே போகும் வண்டியில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று நிதானமாக யோசித்து, யோசித்தபடியே இடது பக்கம் உட்கார்ந்து, கீழ்பெண்ணாத்தூரிலிருந்து கன்னம் கருகினேன். பரவாயில்லை, மனசு குளிர்ந்திருந்தது. ஏழுமலையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பாவம், கட்டின மனைவியின் நட்சத்திரம் தெரியாமல் ஒரு மனிதன் இருப்பானா?

செஞ்சி நெருங்கியபோது சிரிப்பு நின்றது.

உத்திரம் என்றுதான் தோன்றியது. பிறகு உத்திராடமோ என்று பட்டது. உத்திரட்டாதி என்றும் ஒன்று இருக்கிறதே என்பது கோட்டையைத் தாண்டும்போது ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. வசந்தா.

"கிளம்பிட்டீங்களா?"

"செஞ்சி."

"சாமி பாத்தீங்களா? என் பேருக்கு அர்ச்சனை பண்ணீங்களா?"

"பண்ணின..." ஞாபகம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன். "பண்ணலை வசந்தா. பண்ணியிருந்தாலும் நட்சத்திரம் கேட்டா எனக்குத் தெரிஞ்சிருக்காது. உத்திரம்னு ஆரம்பிக்கும். அதுக்கு மேல தெரியல."

சாமிக்காவது தெருவும் மேளமும் ஒரு குமரக்கோயிலும் உண்டு. எனக்குக் கோவிலம்பாக்கம் வீட்டு மாடிப்படிதான். அங்கே ஒரு பெஞ்சுகூடக் கிடையாது.

"உத்திராடம்" என்றாள் கடைசியில். "எழுதிக்கோங்க."

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "எழுதிட்டேன்" என்றேன்.

"எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க?"

"ஆறு, ஆறரை ஆகும். ஏன்?"

"ஹீட்டர் போட்டு வைக்கணுமே" என்றாள்.